இரண்டாவது பத்தி

மலைப்பாதையின் ஏழாவது வளைவுக்குக் கீழே
இருவரைக் கிடத்தியிருந்தார்கள்.
ஒரு மாதமாய்க் காட்டில் பதுங்கியிருந்த தீவிரவாதிகள்,
விடிய விடியச் சண்டை, முப்பது ரவுண்டு
என்றார் இன்ஸ்பெக்டர்,
நான் சரியாக எழுதுகிறேனா என்று
என் நோட்டை எட்டிப் பார்த்தபடி.

முந்தின மாலையிலிருந்து மழை.
மலை முழுக்கச் செம்மண் குழம்பு.
அவர் பூட்ஸில் அப்பியிருந்தது.
என் இடது செருப்பைப் பிடுங்கிக்கொண்டது.
ஓபுலேசுவின் உள்ளங்கால் மட்டும்
கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி.

நெருக்கடிநிலைக்கு அது பதினோராம் மாதம்.
பகலில் நான் பேர்ணாம்பட்டு தோல் ஷாப்பில் கணக்கு எழுதுகிறவன்.
நிருபர் வேலைக்கு மாதம் நாற்பது ரூபாய்,
ஒரு பேனா, போன வருஷத்து டைரி.
ஆவாரம்பட்டை வாடை விரலில் போகாது.
என் செய்திகளிலும் அடிக்கும் என்பார்கள்.

சவக்கிடங்கு முனிரத்தினம்
சட்டைப்பையில் இருந்ததென்று ஒரு டிக்கெட் கொடுத்தான்.
வி.கோட்டா முதல் பேர்ணாம்பட்டு,
நேற்றைய தேதி, மூன்று மணி வண்டி.
காட்டில் ஒரு மாதம் இருந்தவன்
ஜன்னலோரம் உட்கார்ந்து வந்திருக்கிறான்.
கண்டக்டர் சலபதியைத் தேடிப் போனேன்.
"செக்போஸ்ட்டுல இறங்கினான். கூடவே நாலு பேர்.
பேண்ட்டு சட்டைதான். கிராப்பு மட்டும் போலீஸ் கிராப்பு."
அப்புறம் விசிலை வாயில் வைத்துக்கொண்டு,
ஊதாமல்,
"என் பேரு வேணாம்" என்றார்.

மறுநாள் கெங்கிரெட்டி வீட்டுக்கும் போனேன்.
தைமாதம் களத்துமேட்டில்
அவரை வெட்டியது ஓபுலேசுவின் ஆட்கள்.
ஓபுலேசுவும் நின்றிருந்தான், அதில் சந்தேகமில்லை.
வட்டிக்கு வட்டி வாங்கியவர்தான்.
ஆனாலும் அவர் மகள்
நெல் குதிருக்குள் ஒளிந்திருந்த பத்து வயசுக்காரி
இன்னும் குனிந்தே நடக்கிறாள்.
அதையும் எழுதினேன்.
அதுவும் நடந்ததுதானே.

மூன்று பத்தி.
முதலில் களத்துமேடு.
இரண்டாவதில் டிக்கெட், மழை, உள்ளங்கால்.
மூன்றாவதில் இன்ஸ்பெக்டர் சொன்னது, அவர் சொன்னபடியே.
குடியாத்தம் ரயிலில் கவர் போனது.

நான்காம் நாள் பேப்பர் வந்தது.
பன்னிரண்டு வரி.
களத்துமேட்டின் ரத்தத்தில் இருந்து நேராக
இன்ஸ்பெக்டரின் முப்பது ரவுண்டுக்கு
ஒரு முற்றுப்புள்ளியில் தாண்டியிருந்தது செய்தி.
தணிக்கைக்காரர் ஒரு பொய்கூடச் சேர்க்கவில்லை.
எல்லாம் என் வாக்கியங்கள்.
மேலே "நமது நிருபர்" என்று
என்னையும் வைத்திருந்தார்.

அன்று சாயங்காலம் அவன் அக்கா வந்தாள்,
மூன்று மணி வண்டியில்.
பேப்பரை நாலாய் மடித்து இடுப்பில் செருகியிருந்தாள்.
தமிழ் தெரியாது, எந்த எழுத்தும் தெரியாது.
தெலுங்கில் படித்துச் சொல்லச் சொன்னாள்.
படித்தேன்.
களத்துமேட்டை மறைக்கவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.
பிறகு, அச்சில் இல்லாத இடத்தில் விரலை ஊன்றி,
டிக்கெட்டைப் படித்தேன்.
மழையைப் படித்தேன்.
காலைப் படிக்கும்போது குரல் இறங்கிவிட்டது.

அவள் பேப்பரை வாங்கி
ஆள்காட்டி விரலால் அந்தத் துண்டுச் செய்தியை அளந்தாள்.
ஒன்றரை விரல்கடை.
"இந்த சின்ன தான்லோ அந்த உந்தா?"

எங்கள் எல்லையில் இது பழைய குழப்பம்.
தமிழில் சுட்டுகிற சொல்
தெலுங்கில் அளக்கிறது.
இவ்வளவு சின்னதில் அவ்வளவு இருக்கிறதா என்று கேட்டாள்.
நான் டைரியைத் திறந்தேன், மூடினேன்.
இல்லை என்றும் சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்டில் அவள் நேரே போய்
பேப்பரைச் சலபதியிடம் நீட்டுவதை
ஷாப் வாசலில் இருந்து பார்த்தேன்.
டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.
சலபதி ஒரு காலைப் படியில் வைத்தபடி
படித்துக்கொண்டிருந்தார்.
பன்னிரண்டு வரிக்கு
அத்தனை நேரம் ஆகாது.